பரம்பரை ஒயின் தோட்டங்கள் பயோடைனமிக் முறைக்கு மாறுவது ஏன்? கம்பம் பள்ளத்தாக்கில் அது நடக்குமா?

ஐரோப்பாவில் பல தலைமுறைகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ஒயின் தோட்டங்கள் பண்ணையை ஓர் உயிராகக் கருதி ரசாயனம் இன்றிப் பயிரிடும் பயோடைனமிக் முறைக்கு ஏன் மாறுகின்றன, அதில் அறிவியல் உண்டா, பன்னீர் திராட்சை விளையும் எங்கள் பகுதியில் அதைச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒயின் தயாரிப்பவன் அல்லன். கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையில், கேரள மலையின் அடிவாரத்தில், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவன். இந்த முறையைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்தும் விசாரித்தும் வருகிறேன். பேரப்பிள்ளைகள் காலத்திலும் இதே நிலம் நம்மிடம்தான் இருக்கும் என்ற உறுதி அந்தக் குடும்பங்களுக்கு இருப்பதே மாற்றத்துக்கு முதற்காரணம் என்பது என் முடிவு. மாட்டுக் கொம்பும் நிலாக் கணக்கும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

இந்த முறைக்கு வித்திட்டவர் ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர். ரசாயன உரம் வந்த பிறகு விதையின் வீரியமும் மண்ணின் வளமும் குன்றுவதாகக் கவலைப்பட்ட பண்ணையாளர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், 1924 ஜூன் மாதம் கோபர்விட்ஸ் என்ற ஊரில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) அவர் தொடர் உரைகள் ஆற்றினார். மண், மாடு, மரம், மனிதர் எல்லாம் சேர்ந்த ஓர் உயிராகப் பண்ணையைப் பார்க்க வேண்டும், அதற்கு வேண்டிய உரமும் தீவனமும் இயன்ற வரை அதற்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பது அவ்வுரைகளின் சாரம். இந்த முறையில் விளைந்தது என்று சான்று காட்டும் டிமிட்டர் முத்திரை 1928-இல் வந்தது. ஸ்டைனர் திராட்சைக்காக இதைச் சொல்லவில்லை. பொதுவாகப் பண்ணை நடத்தியவர்களிடம் சொன்னார். ஒயின் தோட்டங்கள் இதை வெகுகாலம் கழித்தே கையில் எடுத்தன.

கொம்பு சாண உரம் எப்படித் தயாராகிறது என்று திண்டுக்கல் மாவட்டத்து மலையடிவாரப் பண்ணை ஒன்றில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கன்று ஈன்ற பசுவின் கொம்பில் பசுஞ்சாணத்தை அடைத்து, மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் குழியில் புதைத்து, ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து எடுக்கிறார்கள். கொம்பைக் கல்லில் தட்டினால் உள்ளிருந்து விழுவதில் சாண வாடை துளியும் இல்லை. காட்டு மண்ணின் மணத்தோடு, கறுத்து, விரலில் ஈரப் பிசுக்கோடு உருள்கிறது. அதில் ஒரு பிடியைத் தொட்டித் தண்ணீரில் இட்டு ஒரு மணி நேரம் கலக்குகிறார்கள். நடுவில் ஆழமான சுழி விழும் வரை ஒரு பக்கமாகச் சுற்றுவது, சுழி விழுந்ததும் சட்டென்று எதிர்ப்பக்கமாகத் திருப்புவது என்று மாறி மாறிச் செய்கிறார்கள். பிறகு சாயங்காலத்தில் வேப்பங்குழையால் தொட்டு மண்ணில் தெளிக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம் போதும் என்பது கணக்கு. இதற்கு இணையாகப் படிகக்கல்லைப் பொடித்துச் செய்யும் கொம்பு சிலிக்கா உரம் விடியற்காலையில் இலைமேல் தெளிக்கப்படுகிறது. அதன் அளவு ஹெக்டேருக்குச் சில கிராம்தான். இவ்வளவு குறைந்த பொருள் மண்ணுக்கு நேரடியாகச் சத்துக் கொடுத்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தெளிக்கும் நேரம் முழுவதும் உடையவர் தம் தோட்டத்தைக் காலால் அளக்கிறார், எந்தக் கொடி வாடுகிறது, எங்கே மண் இறுகிக் கிடக்கிறது என்று கண்ணால் பார்க்கிறார். இதன் பலனை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

நாள் பார்த்து வேலை செய்வது நமக்குப் புதிதன்று. நம் வீட்டுத் தினசரிக் காலண்டரிலேயே மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று அச்சிட்டிருக்கும்; ரோகிணி, திருவாதிரை, பூசம் மேல்நோக்கு, பரணி, கார்த்திகை, மகம் கீழ்நோக்கு. ஜெர்மனியின் மரியா துன் என்ற அம்மையார், நிலா எந்த ராசிக் கூட்டத்தைக் கடக்கிறது என்பதை வைத்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பகுத்துப் பல பத்தாண்டுகள் நாட்காட்டி வெளியிட்டார். ஐரோப்பிய பயோடைனமிக் தோட்டக்காரர்கள் பலர் கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கும் அறுவடைக்கும் அதைப் பார்க்கிறார்கள். கனி நாளில் ஒயின் சுவை கூடும் என்று சிலர் நம்புவதற்கு உறுதியான சான்று இல்லை. வேலையைத் தள்ளிப்போடாமல் முறையாக நடத்த நாட்காட்டி உதவுகிறது என்ற அளவில்தான் நான் அதை ஏற்கிறேன்.

இனிக் குடும்பங்களுக்கு வருகிறேன். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில் கூலே தெ செரான் என்ற ஏழு ஹெக்டேர் தோட்டம் இருக்கிறது. 1130-இல் சிஸ்டர்சியன் துறவிகள் கொடி நட்ட அந்த நிலத்தில் இன்றுவரை திராட்சை விளைகிறது. நிக்கோலா ஜோலியின் பெற்றோர் 1962-இல் அதை வாங்கினார்கள். வங்கி வேலையை விட்டு ஊர் திரும்பிய ஜோலிக்கு, களைக்கொல்லி அடித்தால் செலவு மிச்சமாகும் என்று வேளாண் ஆலோசகர் ஒருவர் சொல்ல, அப்படியே செய்தார். இரண்டே ஆண்டுகளில் மண்ணின் நிறம் மாறியதையும், பூச்சிகளை உண்ணும் பொறிவண்டுகள் காணாமற் போனதையும் கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1984-க்குள் தோட்டம் முழுவதையும் பயோடைனமிக் முறைக்குக் கொண்டுவந்தார். பிரான்சின் மற்றோர் ஒயின் பகுதியான பர்கண்டியில் லெஃப்லேவ் குடும்பத்தின் ஆன் கிளோட் லெஃப்லேவ் 1990-இல் சிறு பகுதியில் ஒப்பிட்டுப் பார்த்து, சில ஆண்டுகள் பொறுத்த பிறகே முழுத் தோட்டத்தையும் மாற்றினார். என் மனத்தைத் தொட்டது இந்தப் பொறுமைதான். மூன்று ஆண்டுக் குத்தகைக்கு நிலம் பிடித்தவரால் இப்படிக் காத்திருக்க முடியாது. மண்ணில் போடும் காசு பத்து ஆண்டு கழித்துத்தான் திரும்பும் என்றால், பத்து ஆண்டு கழித்தும் அங்கே இருக்கப்போகிறவரே அதைப் போடுவார்.

அந்தக் குடும்பங்களுக்கும் பாகப்பிரிவினைத் தொல்லை உண்டு. பிள்ளைகள் அனைவருக்கும் சமபங்கு என்ற நெப்போலியன் காலச் சட்டத்தாலும் இடையிடையே நடந்த விற்பனையாலும் பர்கண்டி நிலங்கள் துண்டு துண்டாயின. துறவிகள் ஒரே சுற்றுச்சுவருக்குள் வளர்த்த சுமார் 50 ஹெக்டேர் குளோ தெ வூஜோ தோட்டத்துக்கு இன்று ஏறத்தாழ 80 உடைமையாளர்கள். இதனால் பல குடும்பங்கள் நிலத்தைப் பிரிக்காமல் குடும்ப நிறுவனமாகப் பதிவு செய்து, பங்குகளை மட்டும் பகிர்ந்துகொள்கின்றன. தாத்தாவின் தோட்டம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பிரிந்தபோது, எங்கள் வீட்டில் தொழுவம் ஒரு பங்குக்கும் கிணறு மற்றொரு பங்குக்கும் போயின. மாடு இல்லாத பக்கத்தில் எருவை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று; சில ஆண்டுகளில் மாடு இருந்த பக்கத்திலும் தீவனத்துக்கு இடமில்லாமல் மாடுகளை விற்றார்கள். பண்ணை ஓர் உயிர் என்ற பேச்சின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது.

ஒயின் தயாரிக்கும் கூடத்தில் இந்த முறையின் விதி எளியது. கடையில் வாங்கிய ஈஸ்ட் போடாமல், பழத்தோலிலும் கூடத்திலும் இயல்பாக இருக்கும் ஈஸ்டைக் கொண்டே நொதிக்க விடுகிறார்கள். மணமூட்டிகளுக்கும் வெளியிலிருந்து சேர்க்கும் என்சைம்களுக்கும் இடமில்லை. கெடாமல் காக்கும் கந்தகத்துக்கும் கடுமையான உச்சவரம்பு உண்டு. எனவே பழத்தில் இல்லாததைக் கூடத்தில் சேர்க்க வழி மிகக் குறைவு, ஏறக்குறைய எல்லாவற்றையும் கொடியிலேயே கொண்டுவர வேண்டும்.

அறிவியலைப் பொறுத்தவரை, சுவிட்சர்லாந்தில் 1978 முதல் ஒரே நிலத்தில் பயோடைனமிக், இயற்கை, வழக்கமான முறைகளை ஒப்பிட்டு வரும் ஆய்வு முக்கியமானது. 2002-இல் வெளியான அதன் 21 ஆண்டு முடிவுகளின்படி, ரசாயனம் தவிர்த்த முறைகளில் விளைச்சல் 20 சதவீதம் குறைந்தது. ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை மிச்சமாயின, மண்புழுவும் நுண்ணுயிர்களும் பெருகின. கொம்பு உரத்தால் மட்டும் என்ன கூடுதல் பலன் என்று கலிஃபோர்னியாவின் மெர்லோ திராட்சைத் தோட்டம் ஒன்றில் சோதித்தார்கள். இயற்கை முறைப் பாத்திகளுக்கும் பயோடைனமிக் பாத்திகளுக்கும் முதல் ஆறு ஆண்டுகளில் மண் வளத்தில் வேறுபாடு இல்லை என்று 2005-இல் வெளியான கட்டுரை சொல்கிறது. ஓர் ஆண்டுப் பழத்தில் மட்டும் இனிப்புச் சற்றுக் கூடியிருந்தது. ஆகவே பலனின் பெரும்பகுதி எருவிலிருந்தும், மண்ணை மூடி வளர்க்கும் மூடுபயிரிலிருந்தும், விஷம் தெளிக்காததிலிருந்தும் வருகிறது என்று கொள்வதே நேர்மை.

இந்த முறைக்கும் பூஞ்சை மருந்து வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. செம்பும் கந்தகமும் அதில் அனுமதிக்கப்பட்டவை. செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை, அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் 1885 வாக்கில் பிறந்ததுதான். செம்பு மண்ணில் தங்கிவிடுவதால், ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்தது. டிமிட்டர் விதி ஆண்டுக்குச் சராசரி 3 கிலோ. இதை நம் கணக்கில் பாருங்கள். ஒரு சதவீதப் போர்டோ கலவையை ஏக்கருக்கு 200 லிட்டர் அடித்தால் அரைக் கிலோ செம்பு இறங்குகிறது. ஹெக்டேருக்கு ஒன்றேகால் கிலோ. மூன்றாவது முறை அடிக்கும்போதே டிமிட்டரின் ஆண்டு வரம்பைத் தாண்டிவிடுவோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் உறங்குகிறது. ஆண்டுக்கு ஓர் அறுவடை, நோய்க்கிருமிக்கும் ஓர் இடைவெளி. எங்கள் பந்தலில் கொடிக்கு உறக்கம் இல்லை. கவாத்து செய்த சுமார் 120 நாளில் பழம், இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும் இரண்டு பருவமழைகளின் ஈரமும் சேர்ந்து பன்னீர் திராட்சையை ஆண்டு முழுவதும் சந்தைக்கு அனுப்புகின்றன. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஈரத்தில்தான் செவட்டை நோயும் அடிச்சாம்பல் நோயும் ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. மருந்தை நிறுத்திவிட்டு கொம்பு உரத்தை மட்டும் நம்புங்கள் என்று யாரேனும் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு வாரம் மேகமூட்டமாக இருந்தால் குலை முழுவதும் போய்விடும்.

பக்கத்துத் தோட்டத்தையும் மறக்க முடியாது. பர்கண்டியின் பயோடைனமிக் விவசாயி எமானுவேல் ஜிபுலோ, கொடியை அழிக்கும் ஒரு நோயைத் தடுக்க அரசு கட்டாயமாக்கிய பூச்சிமருந்தை அடிக்க மறுத்ததால் 2014-இல் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் அதே ஆண்டு விடுதலையானார். அவருக்கு ஆதரவும் இருந்தது, அக்கம்பக்கத்தாரின் கோபமும் இருந்தது. எங்கள் ஊரில் ஒரு பந்தலுக்கும் அடுத்த பந்தலுக்கும் இடையில் ஒரு வரப்புதான் இருக்கிறது. காற்று அடிக்கும் பக்கம் மருந்தும் வரும், நோயும் வரும்.

அப்படியானால் இங்கே எதைச் செய்யலாம்? ஓர் அறுவடையைத் துணிந்து விட்டுக்கொடுத்து, மழை மிகுந்த பருவத்தில் கொடிக்கு ஓய்வு தருவதை முதலில் சொல்வேன். அந்த மாதங்களில் பந்தலுக்கடியில் தட்டைப்பயறு, கொள்ளு, சணப்பு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழலாம். மாடு இல்லாதவர்கள் அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து ஒரு தொழுவம் வைத்து, சாணத்தோடு மூலிகைகள் சேர்த்து மட்கவைக்கும் உரத்தை அங்கேயே தயாரித்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். முழுத் தோட்டத்தையும் ஒரேயடியாக மாற்றாமல், காற்றுக்கு மேல்பக்கம் இருக்கும் அரை ஏக்கரில் தொடங்குவது நல்லது.

ஒயினைப் பொறுத்தவரை, பிரான்சின் குடும்பம் தன் தோட்டத்து வாசலிலேயே புட்டியை விற்று, கூடுதல் உழைப்புக்குரிய விலையை வாங்குபவரிடமே பெறுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால் அந்த வழி நமக்கு இல்லை. சொந்தமாக ஒயின் எடுக்க உரிமமும் பெரிய முதலும் வேண்டும். எனவே இப்போதைக்கு நம் பகுதியில் இந்த முறையின் செலவைப் பழத்தின் விலையில்தான் எடுக்க வேண்டியிருக்கும். நஞ்சில்லாப் பழத்துக்குக் கூடுதல் விலை தரும் வியாபாரியைப் பேசி வைத்துக்கொண்ட பிறகே கவாத்துக் கத்தியை எடுங்கள்.