ஒரு ஏக்கரில் உரத்தைக் கூட்டாமல் நெல் மகசூலைக் கூட்ட முடியுமா?

காவிரி டெல்டாவில் ஒரு ஏக்கர் சம்பா வைத்துக்கொண்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். முடியும். முதலில் விதையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் பயிர் மூழ்கும் பள்ளக்கால் வயல் என்றால் வெள்ளம் தாங்கும் நெல் ரகமான சி.ஆர். 1009 சப்-1 போடுங்கள். இளம்பயிர் சுமார் இரண்டு வாரம் நீருக்குள் கிடந்தாலும் மீண்டு துளிர்க்கும். சான்று விதைதான் வாங்க வேண்டும்.

வீட்டு விதை என்றால் உப்புக் கரைசலில் தரம் பிரியுங்கள். கோழிமுட்டை மிதந்து, அதன் மேல்பகுதி நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரியும்வரை கல்லுப்பைக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். மிதக்கும் பதர், அரைமணிகளை அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். செலவே இல்லாத இந்த வேலையைப் பலர் கைவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தண்ணீருக்கு, காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் முறை. ஓர் அடி நீள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். மகசூல் குறையாமல் தண்ணீர் 30 சதவீதம் வரை மிச்சமாகும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடாதீர்கள், மணி பதராகிவிடும்.