வீடியோ அழைப்பில் அம்மாவும் பேசட்டும்

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். மதுரையில் கீமோ ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்குத் திரும்பிவிடுகிறோம். இடையில் வரும் வீடியோ அழைப்பில் டாக்டரிடம் நான்தான் பேசுகிறேன். அம்மா படிக்காதவர், பயந்துவிடுவார் என்று பக்கத்தில் வைத்துக்கொள்வதில்லை. இது போதுமா?

பதில்: போதாது தம்பி. உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் டாக்டருக்கு வேண்டிய பாதி விவரம் அம்மாவிடம்தான் இருக்கிறது. பாக்ளிடாக்சல் போன்ற கீமோ மருந்துகள் விரல்நுனி நரம்புகளைப் பாதிக்கும். "நல்லாத்தான் இருக்காங்க சார்" என்று மகன் சொல்வார். போனை அம்மாவிடம் கொடுத்தால், "வெரலெல்லாம் மரத்துப்போய்க் கெடக்குய்யா, சட்டைக் கொக்கி மாட்ட முடியல" என்பார். அடுத்த டோஸைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று யோசிக்க வைப்பது அந்த ஒரு வரிதான். மகனிடம் அதை எந்த அம்மா சொல்வார்?

பயப்படுவார் என்கிறீர்கள். முடி கொட்டியதைக் கண்ணாடியில் பார்த்தவர் அவர். மறைத்துப் பேசும்போதுதான் பயம் கூடும்.

எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தினமும் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அம்மாவே பேசிப் பதியட்டும்: எத்தனை தடவை வாந்தி, சாப்பாடு இறங்கியதா, வாய்ப்புண், வலி பத்துக்கு எத்தனை. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், புற்றுநோய் உடலில் பரவிய நிலையில் இருந்த 766 பேர் சேர்க்கப்பட்டார்கள். தொந்தரவுகளைத் தாங்களே கணினியில் பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். பதிவில் நிலைமை மோசமானால் செவிலியருக்கு உடனே தகவல் போனது. அதனால் பதிவை அனுப்பினால் யார், எப்போது பார்ப்பார்கள் என்று உங்கள் மருத்துவமனையில் கேட்டுவையுங்கள்.

ரத்தப் பரிசோதனையை உள்ளூரிலேயே எடுத்து, சீட்டைப் படம்பிடித்து முன்கூட்டியே அனுப்பலாம். கட்டியைத் தொட்டுப் பார்க்க நேரில்தான் வரவேண்டும். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரையை வீடியோ வழியாக எழுதித்தர 2020-ஆம் ஆண்டு தொலைமருத்துவ வழிகாட்டு விதிகளில் இடமில்லை. தீருமுன் நேரில் வாங்கிவிடுங்கள்.

காய்ச்சலுக்கு மட்டும் வீடியோ அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 டிகிரி வந்தாலே அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று படுக்க வைக்காமல், நடுராத்திரியானாலும் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். "கீமோ ஏத்தியிருக்கு" என்பதை முதலில் சொல்லுங்கள். அம்மாவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்; நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்திலும் காய்ச்சல் வரலாம்.