நான்கு இடங்களில் கேட்டும் நிதி கிடைக்கவில்லை: அறக்கட்டளைகள் எதைப் பார்க்கின்றன?

கேள்வி: வட சென்னை வியாசர்பாடியில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து 45 பிள்ளைகளுக்கு மாலை நேர வகுப்பு நடத்துகிறோம். டிரஸ்ட்டாகப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. நான்கு அறக்கட்டளைகளில் நிதி கேட்டோம். யாரும் தரவில்லை, காரணமும் சொல்லவில்லை. எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்: இப்படி வரும் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் குழுவில் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அந்த நான்கில் எத்தனை, கம்பெனிகள் நடத்தும் அறக்கட்டளைகள்? அங்கே பெரும்பாலும் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம்தான். நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். அதை உங்களைப் போன்ற வெளி டிரஸ்ட்டுக்குத் தர வேண்டுமானால் வருமான வரித்துறையின் 12ஏ (டிரஸ்ட்டுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிந்து வாங்கும் சிஎஸ்ஆர்-1 எண்ணும் இருக்க வேண்டும். கூடவே, அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவமும். உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகிறது. விண்ணப்பம் குழுவின் மேசைக்கே வந்திருக்காது. குடும்ப டிரஸ்ட்டுகள் சொந்தப் பணத்தில் தருவதற்கு இந்த விதி பொருந்தாது. இந்த வருடம் அங்கே கேளுங்கள்.

அடுத்த வருடம் கம்பெனிகளிடம் போகும்போது, மணலி, எண்ணூர் பக்கம் ஆலை வைத்திருப்பவர்களிடம் முதலில் போங்கள். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்லிச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வகையில் வியாசர்பாடி முகவரி உங்களுக்கு அனுகூலம்.

சரி, மேசைக்கு வந்துவிட்டது. நான் முதலில் புரட்டுவது பட்ஜெட் பக்கத்தைத்தான். ‘மொத்தம் 5 லட்சம்’ என்று உருண்டையாக இருந்தால் மனசு ஒட்டாது. இப்படி எழுதிப் பாருங்கள்: மூன்று ஆசிரியர்களுக்கு மாதம் 6,000 வீதம் 18,000. சுண்டல், ஆளுக்கு 12 ரூபாய், 45 பேர், 22 நாள்: 11,880. நோட்டு, கரண்ட் பில் 2,500. ஆக மாதம் 32,380 ரூபாய், ஒரு பிள்ளைக்குச் சுமார் 720 ரூபாய். படிக்கிறவர் மனக்கணக்காகவே சரிபார்த்துவிடலாம். பெற்றோர் மாதம் 20 ரூபாய் தந்தால்கூட அதையும் காட்டுங்கள். ஊர்க்காரர்களே கை கொடுக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மாறாக, ‘10 டேப்லெட், ஒரு புரொஜெக்டர்’ என்று ஆரம்பித்தால், இதை யார் பராமரிப்பார்கள் என்ற கேள்விதான் முதலில் எழும்.

இடம் யாருடையது என்பதும் முக்கியம். மாநகராட்சிக் கட்டடமோ, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் கீழ்த்தளமோ, எதுவானாலும் எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். கவுன்சிலர் வாயால் சொன்னது போதாது. நல்ல திட்டம் ஒன்று இந்த ஒரு தாள் இல்லாமல் தள்ளிப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நேரில் வருவார்கள், சில சமயம் சொல்லாமலே. வருகைப் பதிவேட்டில் 45 பேர், தரையில் 19 பேர் என்றால் அத்தோடு முடிந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகள் குறைவது எல்லோருக்கும் தெரியும். பதிவேட்டிலும் குறைந்திருந்தால் உங்கள் மேல் நம்பிக்கை கூடத்தான் செய்யும். பொன்னாடை போர்த்திய படங்களை இணைக்காதீர்கள். அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

கடைசியில் குழு அதிக நேரம் பேசுவது, நம் பணம் நின்ற பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான். ‘வேறு நன்கொடையாளர்களைத் தேடுவோம்’ என்பதை நாங்கள் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. இங்கே படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று இருந்தால், அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

மறுத்த நான்கு இடங்களுக்கும் ஒரு போன் போட்டுக் காரணம் கேளுங்கள். கடிதத்தில் எழுதாததைப் போனில் சொல்லிவிடுவார்கள்.