ஸ்குவாட், ஆர்மா மாதிரி, நிஜப் போரைப் போலவே நடக்கும் கணினி ஆட்டங்களில் யார் சுட்டதென்றே தெரியாமல் செத்துக்கொண்டே இருக்கிறேன். என்ன தப்பு செய்கிறேன்?

மற்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் குறி தப்பாது, ஸ்கோர்போர்டில் மேலேதான் இருப்பேன், இங்கே வந்தால் மூன்று நிமிடம் ஓட்டம், பிறகு ஒரே குண்டு, திரை கறுப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குறியைச் சந்தேகப்பட வேண்டாம். அந்தச் சாவு, குண்டு படுவதற்கு அரை நிமிடம் முன்பே, நீங்கள் எந்த வழியில் நடந்தீர்கள் என்பதில் முடிவாகிவிட்டது.

இந்த வகை ஆட்டங்களின் வம்சம் வேறு. பொஹிமியா இன்டராக்டிவ் உருவாக்கி 2001இல் வெளிவந்த ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட் ஒரு கிளை. அதிலிருந்துதான் ஆர்மா வந்தது. பேட்டில்ஃபீல்டு 2க்காக ரசிகர்கள் உருவாக்கிய புராஜெக்ட் ரியாலிட்டி என்ற மாட் (இருக்கும் ஆட்டத்தை மாற்றியமைக்கும் தொகுப்பு) இன்னொரு கிளை; அதன் வழிவந்ததுதான் ஸ்குவாட். ஓடிக்கொண்டே சுடுவது இரண்டு கிளையிலும் எடுபடாது. ஸ்குவாடில் 2023 செப்டம்பரில் வந்த 6.0 அப்டேட்டுக்குப் பிறகு இது இன்னும் கடுமை. ஓடி வந்து நின்ற உடனே ஸ்கோப்பைத் தூக்கினால் துப்பாக்கி முனை தாளம் போடும். பக்கத்தில் குண்டு பறந்தால் பார்வை மங்கும், கை நடுங்கும். எனவே முதலில் பார்ப்பவன் பாதி ஜெயித்துவிட்டான். பழைய பழக்கத்தில் நீங்கள் எப்போதும் பார்க்கப்படுபவராக இருக்கிறீர்கள்.

முதல் காரணம் மேடு. மேட்டின் உச்சிக்கோட்டில் நின்றால் உங்கள் பின்னால் வெறும் வானம். 400 மீட்டரில் இருப்பவனுக்கும் தலையும் தோளும் கறுப்பாகத் துலங்கும். உச்சியைத் தாண்ட வேண்டுமென்றால் மரமோ புதரோ பின்னணியாக இருக்கும் இடம் பார்த்து, குனிந்தோ படுத்தோ தாண்டுங்கள். பார்க்க மட்டும் வேண்டுமென்றால் உச்சிக்குச் சில மீட்டர் கீழேயே, கண் மட்டும் தெரிகிற உயரத்தில் நில்லுங்கள். புல்லையும் நம்பாதீர்கள். பல ஆட்டங்களில் புல் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் வரையப்படாது. உங்கள் திரையில் நீங்கள் புல்லுக்குள் பதுங்கியிருப்பீர்கள். தூரத்தில் ஸ்கோப் வழியாகப் பார்ப்பவனுக்கு மொட்டைத் தரையில் படுத்திருப்பீர்கள். புதர், சுவர், பள்ளம் இவைதான் எல்லாத் திரையிலும் ஒன்றாக இருக்கும்.

ஸ்டாமினாவை, அதாவது ஓடும் தெம்பை, காசு மாதிரி எண்ணிச் செலவழியுங்கள். சண்டை இருக்கும் இடத்துக்கு 200 மீட்டர் முன்னாலேயே ஓட்டத்தை நிறுத்தி நடையாக வாருங்கள். வெட்டவெளியில் ஒரு மறைவிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்வதற்கு அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியில் 3 முதல் 5 நொடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எதிரி உங்களைப் பார்த்து, துப்பாக்கியைத் திருப்பி, குறி வைக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்குள் போய்ச்சேர முடியாத தூரமாக இருந்தால் அந்த வழி வேண்டாம், சுற்றிப் போங்கள்.

இடைவெளியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்யமாட்டார்கள். அமெரிக்க எம்67 கிரெனேடு 5 மீட்டருக்குள் உயிரைக் குடிக்கும், 15 மீட்டர் வரை காயப்படுத்தும். ஆட்டத்தில் இந்த எண்கள் கொஞ்சம் மாறலாம், பாடம் ஒன்றுதான்: மூன்று பேர் ஒரே சுவருக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றால் ஒரு வீச்சில் மூவரும் காலி. திறந்த வெளியில் ஆளுக்கு ஆள் 10 மீட்டராவது விடுங்கள். கட்டடத்துக்குள் அது முடியாது, அங்கே கணக்கு வேறு.

சாலை கடப்பது தனிக்கலை. புதியவர்கள் ஸ்மோக்கை (புகைக்குண்டை) தங்கள் காலடியிலேயே போடுகிறார்கள். அது "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று பலகை எழுதி வைப்பதற்குச் சமம். எதிரி புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு சுடுவான், அதில் ஒன்று படும். உங்களுக்கும் எதிரிக்கும் நடுவில், முடிந்தவரை அவன் பக்கமாகப் போடுங்கள். மறைய வேண்டியது அவன் கண். போட்டவுடன் ஓடக் கூடாது. புகை விரிந்து சுவராக நிற்கப் பல நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் எம்ஜிக்காரர் (இயந்திரத் துப்பாக்கி வைத்திருப்பவர்) எதிரியின் ஜன்னலை நோக்கிச் சின்னச் சின்ன பர்ஸ்டாக, ஒரு தடவைக்குச் சில குண்டுகள் என்று, சுட்டுக்கொண்டே இருக்கட்டும். ஆளைக் கொல்வது கூட முக்கியமில்லை, அவன் தலை தூக்காமல் இருந்தால் போதும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கடக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கடந்தால் முதல் ஆள் எதிரியை உஷார்ப்படுத்துவார், மூன்றாவது ஆள் அடிவாங்குவார்.

இனி மைக். இந்த ஆட்டங்களில் மைக் ஓர் ஆயுதம் என்பதை மிகைப்படுத்தாமல் சொல்லலாம். "டேய் அங்க இருக்கான், மரத்துக்குப் பின்னாடி!" என்று கத்தினால் மேப்பில் இருக்கும் எல்லா மரத்தையும் எல்லோரும் பார்ப்பார்கள். திசைகாட்டியில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்: "215, நூற்றைம்பது மீட்டர், சிவப்புக் கூரை வீடு, மாடியில் இடது ஜன்னல், எம்ஜி ஒன்று." திசை, தூரம், அடையாளம், என்ன இருக்கிறது. அதே வரிசையில், நாலு நொடியில். இதிலும் ஒரு குழி உண்டு. அந்த 215 நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து மட்டும்தான் 215. உங்களுக்குப் பக்கவாட்டில் 60 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, 100 மீட்டரில் இருக்கும் எதிரி ஏறக்குறைய 30 டிகிரி மாறித் தெரிவான். எதிரி 500 மீட்டரில் இருந்தால் அதே வித்தியாசம் 7 டிகிரிக்குள் அடங்கும். ஆகவே கிட்டத்துச் சண்டையில் டிகிரியை விட வீடு, கம்பம், எரிந்த வண்டி என்று அடையாளம் சொல்வது மேல்; நேரம் இருந்தால் உங்கள் குழுவின் லீடரை மேப்பில் குறி வைக்கச் சொல்லுங்கள். ஸ்குவாடில் வழக்கமான அமைப்பில் வி அழுத்தினால் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும், பி உங்கள் குழுவுக்கு மட்டும். பக்கத்தில் எதிரி இருக்கும்போது வி வேண்டாம், அவனுக்கும் கேட்கும்.

தூரம் தெரியவில்லை என்றால், மில் (கோணத்தை அளக்கும் சிறு அலகு) அளவுகோல் உள்ள ஸ்கோப்பில் எளிய கணக்கு: ஆளின் உயரம் மீட்டரில், அதை ஆயிரத்தால் பெருக்கி, மில்லால் வகுக்க வேண்டும். 1.8 மீட்டர் ஆள் 6 மில் உயரத்தில் தெரிந்தால் 300 மீட்டர். காதும் உதவும். ஆர்மாவில் ஒலி தன் வேகத்திலேயே வருகிறது, நொடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டு அதை முந்திக்கொண்டு வரும். முதலில் தலைக்குப் பக்கத்தில் "சடக்" என்று சவுக்கடி, பிறகு தூரத்தில் "டும்". அந்தச் சவுக்கடி கேட்ட பக்கம் திரும்பிச் சுடுவதுதான் பொதுவான தவறு. அது குண்டு கடந்த இடம் மட்டுமே. இரண்டாவது வரும் "டும்"தான் ஆளின் திசை. இரண்டுக்கும் நடுவில் அரை நொடி இருந்தால் ஆள் 300 மீட்டரை ஒட்டி இருக்கிறான்.

குழு ஏன் தோற்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் குண்டில் இல்லை, ஸ்பானில் (செத்தவர்கள் மீண்டும் ஆட்டத்தில் இறங்குவதில்) இருக்கிறது. ஸ்குவாடில் கீழே விழுந்த ஆளை யாராவது கட்டுப்போட்டு எழுப்பிவிட்டால் டிக்கெட் (அணிக்கு மிச்சமிருக்கும் உயிர்க்கணக்கு) போகாது. பொறுமையிழந்து கிவ் அப் அழுத்தினால் ஒரு டிக்கெட் போய்விடும். எழுப்பப் போகும்போது முதலில் சுட்டவனை ஒடுக்குங்கள், அடுத்து ஸ்மோக், கடைசியாகத்தான் கட்டு. இந்த வரிசை தலைகீழானால் ஒரு உடல் மேல் மூன்று உடல் விழும். லீடர் வைக்கும் ரேலி பாயின்ட்டை (குழு மீண்டும் இறங்கும் இடத்தை) எதிரி நெருங்கினாலே அது அழிந்துவிடும். அதைச் சண்டை நடக்கும் வேலியோரத்திலேயே வைப்பது வீண். நூறு, நூற்றைம்பது மீட்டர் பின்னால், நீங்கள் தாக்கும் நேர்கோட்டிலிருந்து விலகி, நடுவில் ஏதாவது மறைவு இருக்கும்படி வையுங்கள். ஹாப் (அணி முழுக்க மீண்டும் இறங்கும் கட்டடம்) கட்ட 500 கட்டுமானப் புள்ளிகள் வேண்டும். அதைக் கொண்டுவரும் லாஜி லாரியை யாரும் ஓட்ட விரும்புவதில்லை. அந்த லாரியை ஓட்டுகிறவர்தான் அந்த ரவுண்டை ஜெயிக்க வைக்கிறார் என்பது என் கட்சி. ஹெல் லெட் லூஸ் என்ற ஆட்டத்தில் இதே வேலையைச் செய்வது கேரிசன்: நம் பகுதியில் 50 சப்ளை, ஒன்றுக்கொன்று 200 மீட்டர் இடைவெளி.

ரெடி ஆர் நாட் போலக் கட்டடத்துக்குள் நடக்கும் ஆட்டம் என்றால் மேலே சொன்னதில் பாதி செல்லாது. அங்கே ஐந்து பேர்தான். மூலையை ஒட்டி நிற்காதீர்கள், துப்பாக்கி முனை உங்களுக்கு முன்னால் வெளியே எட்டிப் பார்க்கும்; ஓரடி தள்ளி நின்று, கேக் வெட்டுவது போல் கோணம் கோணமாகத் திறந்துகொண்டு போங்கள். கதவுக்குள் முதல் ஆள் வலப்பக்கம் போனால் இரண்டாவது ஆள் இடப்பக்கம், வாசலில் யாரும் நிற்கக் கூடாது. இப்போதைக்குத் தேடப்போவதில்லை என்ற கதவுகளுக்கு ஆப்பு வைத்துவிடுங்கள், முதுகுப் பக்கமிருந்து ஆள் வரமாட்டான். உடனடி ஆபத்தாக இல்லாத ஆளைச் சரணடையச் சொல்லிக் கத்தாமலே சுட்டால் மதிப்பெண் குறையும்.

ரோல் (குழுவில் உங்கள் வேலை) எடுக்கும்போது மார்க்ஸ்மேன் (தூரத்தில் குறி வைப்பவர்), லீடர் இரண்டையும் முதலில் விட்டுவிடுங்கள். மெடிக் (மருத்துவ உதவியாளர்) எடுங்கள், குழுவை விட்டுப் பிரிய முடியாது என்பதால் நல்ல ஆட்டக்காரர்கள் எந்த வழியில் நடக்கிறார்கள் என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். சேர்ந்தவுடன் "புதுசு" என்று மைக்கில் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் கோபிக்க மாட்டார்கள். ரிகாயிலுக்கு (சுடும்போது துப்பாக்கி உதைப்பதற்கு) கை பழக வேண்டுமென்றால் ஆள் சேர்ந்துகொண்டிருக்கும், சீடிங் நடக்கும் சர்வரில் நுழையுங்கள். அங்கே பொதுவாக நடுக்கொடியைச் சுற்றி மட்டும்தான் சண்டை, பெரிய வண்டிகளை எடுக்க விடமாட்டார்கள், செத்தாலும் திட்டு விழாது.