தடைக்காலத்தில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தலாமா?

ஐயா, வணக்கம். என் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். தினமும் இரண்டு குவார்ட்டர் பிராந்தி. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் படகு கரையில்தான். அப்போது வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்திவிடலாம் என்கிறார் என் அண்ணன். குழம்பில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே, கொடுக்கலாமா?

ஒரு வாசகி, தங்கச்சிமடம்

அன்புள்ள சகோதரி,

தடைக்காலத்தில் நிறுத்த நினைத்தது நல்ல யோசனை. ஆனால் பூட்டி வைக்கவும் வேண்டாம், மாத்திரை கலக்கவும் வேண்டாம். இரண்டிலும் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் சாராயம், அதாவது ஏறக்குறைய 60 கிராம். உங்கள் கணவர் உடம்பில் நாளொன்றுக்கு 120 கிராம் போகிறது. மூளை அதற்குப் பழகிவிட்டது. காலை நடுக்கம் அதன் அடையாளம். திடீரென நிறுத்தினால் அடக்கிவைத்த மூளை கட்டவிழ்ந்து துள்ளும். ஆறு மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். குடிக்காமல் படகேறியவருக்கு அது நடுக்கடலில் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும்: பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். காத்துக் கருப்பு என்று ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகத் தோன்றும். வேண்டுதல் இருக்கட்டும், மருத்துவமனை முதலில். கட்டிப்போடவே கூடாது, திமிறத் திமிற உடம்பு சூடேறி நீர் வற்றும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. உடனே 108.

‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும்’ என்பதையும் நம்ப வேண்டாம். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் தயமின் என்ற பி1 சத்து வற்றியிருக்கும். அதை ஊசியில் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் கரைந்து, நடை தள்ளாடி, ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடலாம்.

நீங்கள் கேள்விப்பட்டது டைசல்ஃபிரம் மாத்திரையாக இருக்கும். அது குடி ஆசையைக் குறைக்காது. அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து உண்டு. தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் சொல்லி எடுப்பவருக்கு மட்டுமே அது மருந்து.

செய்ய வேண்டியது இது. மருத்துவரைப் பார்க்கும்வரை அவராக ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். முன்பு வலிப்பு வந்திருந்தால் உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் நிறுத்துவார்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்துப் பேசுங்கள், கட்டணமில்லை.

அந்த ஒரு வாரம் தொடக்கம்தான். மீதி ஏழெட்டு வாரம் ஆசையைக் குறைக்கும் மருந்துக்கும் ஆலோசனைக்கும் வேண்டும். ஜூன் 15-இல் படகு இறங்கி முதல் பங்குப் பணம் கைக்கு வரும் நாள்தான் மிகக் கடினம். அந்தப் பணத்தை உங்களிடம் கொடுக்க அவரே படகுக்காரரிடம் சொல்லிவைக்கட்டும். நீங்கள் போய்க் கேட்டால் அவருக்கு அவமானமாகிவிடும்.

மருத்துவமனைக்குப் புறப்படுமுன் தினமும் எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.