கண் மூடிய படங்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

விக்டோரியா கால ஓவியர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அவர்களில் ஒருவரான ரொசெட்டி, தன் மாடலும் பின்னாளில் மனைவியுமான எலிசபெத் சிட்டலைப் பென்சிலில் வரைந்த படங்களைத் தேடிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் கண்கள் தாழ்ந்தோ மூடியோ இருக்கின்றன, தவத்தில் இருப்பவர் போல. அது சிட்டலின் ஆன்மிகமா, வரைந்தவர் ஏற்றியதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரைந்தவர் ஏற்றியதுதான் அதிகம் என்பது என் எண்ணம். சிட்டல் லண்டனில் தொப்பிக் கடையில் வேலை பார்த்தவர். நீரில் மூழ்கும் ஷேக்ஸ்பியர் நாயகியை ஓவியர் மில்லே தீட்டிய ‘ஒஃபீலியா’வுக்காகத் தொட்டித் தண்ணீரில் கிடந்தபோது, தண்ணீர் சூடாக இருக்க அடியில் வைத்த விளக்குகள் அணைந்துபோய் உடம்புக்கு முடியாமல் படுத்தவர். ரொசெட்டியின் தாள்களில் அந்தப் பெண்ணைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். ரொசெட்டியின் இழுப்பறை நிறைய சிட்டலின் படங்களாகவே இருந்ததைப் பார்த்த நண்பரும் ஓவியருமான ஃபோர்டு மேடக்ஸ் பிரவுன், இது ஒரு பித்து என்று 1855இல் டைரியில் எழுதிவைத்தார்.

1862இல், லாடனம் என்ற அபின் மருந்து அளவு மீறியதில் சிட்டல் இறந்தார். அப்புறம் ரொசெட்டி அவரைத் தாந்தே என்ற இத்தாலியக் கவிஞர் காதலித்த பியாட்ரிஸாக ‘பியாட்டா பியாட்ரிக்ஸ்’ ஓவியத்தில் தீட்டினார். மூடிய கண்கள், நிமிர்ந்த முகம். சிவப்புப் புறா ஒன்று அவர் கையில் வெள்ளைப் பாப்பிப் பூவைப் போடுகிறது. அபின் எடுக்கும் செடியின் பூ அது. அதைப் பக்தி என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிட்டலும் ஓவியர்தான் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். 1855இல் கலை விமர்சகர் ரஸ்கின் அவர் படங்களை வாங்கினார். 1853-54இல் சிட்டல் தன்னையே தைலவண்ணத்தில் வரைந்திருக்கிறார், சின்ன வட்டப் படம். இமைகள் கனத்து, களைத்த முகம். ஆனால் கண்கள் திறந்து நம்மை நேராகப் பார்க்கின்றன. ஒளிவட்டமும் இல்லை, பூவும் இல்லை.

ஆன்மிகம்தான் உங்கள் கேள்வி என்றால், ரொசெட்டியின் தங்கை, கவிஞர் கிறிஸ்டினாவைப் பாருங்கள். அண்ணனின் 1849 ஓவியத்தில் லில்லிப் பூவைத் துணியில் தைக்கும் மரியாளாக இருப்பவர் அவர்தான். ஆனால் அவருடைய பக்தி அண்ணன் தீட்டிக் கொடுத்ததல்ல. மத நம்பிக்கை ஒத்துவராததால் கல்யாணத்தையே மறுத்த பெண். 1856இல் ஒரு கவிதை எழுதினார்: ஓவியனின் எல்லாப் படங்களிலும் ஒரே முகம், அதுவும் அவள் இருக்கிறபடி அல்ல, அவன் கனவில் வருகிறபடி. அவர் உயிரோடு இருந்தவரை அந்தக் கவிதை அச்சேறவில்லை.