கடற்கரை வீட்டில் காற்று: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் மீன் பொரிக்கிற புகை அடுக்களையிலேயே சுற்றுகிறது. பெரிய ஃபேன் மாட்டணுமா? (பாம்பன்)

அவசரப்படாதீர்கள். ஃபேன் வெளியே தள்ளுகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவைச் சாத்திவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேனும் வெறுமனே இரையும். ஃபேனை ஒட்டிய ஜன்னல் திறந்திருந்தாலோ, அங்கே வரும் காற்றையே இழுத்து வெளியே தள்ளும்; அடுப்புப் பக்கம் எதுவும் அசையாது. அந்த ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கக் கதவை ஒரு சாண் திறங்கள். அடுப்புக்கு மேல் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை ஃபேன் பக்கம் சாயவேண்டும். 8-க்கு 10 அடி, உயரம் 10 அடி என்றால் 800 கன அடி. மணிக்கு 15 தடவை காற்று மாற, மணிக்குச் சுமார் 340 கன மீட்டர் இழுக்கும் ஃபேன் போதும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் புகை திரும்பினால், ஃபேன் தெற்கு அல்லது மேற்குச் சுவரில் இருக்கும். தென்மேற்குக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வெளியே கீழ்நோக்கி வளைந்த மூடி போடுங்கள். வாடைக் காலத்தில் வடக்கு, கிழக்குச் சுவருக்கும் இதே பாடுதான்.

ஏசி அறையில் மூன்று பேர் படுக்கிறோம். காலையில் தலை கனக்கிறது. (மண்டபம்)

சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே குளிரவைக்கும். மூன்று பேர் விட்ட மூச்சு விடியும்வரை அங்கேயே சேர்கிறது. உள்கதவை இரண்டு விரல் திறந்துவைத்து, ஹாலில் ஒரு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஏசியை 26-இல் வைத்து, சீலிங் ஃபேனை மெதுவாக ஓட்டினால் கரண்ட் செலவு கையைக் கடிக்காது. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் சுமார் 30 வாட்தான், பழைய வகை 75. மூடிய அறையில் கொசுவத்திச் சுருள் கூடவே கூடாது, வலை கட்டுங்கள்.

மழைக்காலத்தில் நாள் முழுக்க ஜன்னலைத் திறந்தும் சுவர் ஓதம் காயவில்லை. (தொண்டி)

சுவரில் உப்பு ஏறியிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர் விடும். அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். இரவிலும் விடியலிலும் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் ஏறிய பிறகு, 11 மணி முதல் 3 மணி வரை திறங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள். பீரோ சுவரை விட்டு நான்கு விரல் தள்ளியே இருக்கட்டும்.

ஜன்னல் கொசுவலை ஒரே வருஷத்தில் துருப்பிடிக்கிறது. (தேவிபட்டினம்)

ஃபைபர் வலை போடுங்கள். ஸ்டீல்தான் வேண்டுமென்றால் 304 ரகம் அல்ல, உப்புக் காற்றை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உவர்நீர் ஆகாது. உப்பும் தூசியும் வலைக்கண்ணை அடைத்தால் ஜன்னல் திறந்திருந்தும் காற்று வராது.